பனியில் முடியும் சமையல்

நூடுல்ஸ் செய்து கிண்ணத்தில் ஊற்றியாயிற்று. வாயில் வைக்கப் போகும் நேரம் பார்த்து ஃபோன் அடிக்கிறது. பேசிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால் சூப்பைக் காணவில்லை. அத்தனையையும் நூடுல்ஸே குடித்துவிட்டது. இழைகள் ஊதிப் பருத்து, கரண்டி பட்டாலே அறுந்து, கூழாகப் போகிற பதத்தில் கிடக்கின்றன. இந்த ஏமாற்றம் எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது நடந்திருக்கும்.

கொரியாவில் ஒரு நூடுல்ஸ் உண்டு. அதையும் கிண்ணம் நிறையச் சாறு ஊற்றி அதில்தான் மிதக்கவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சாற்றில் பனித்துகள் மிதக்கும். கிண்ணத்தின் வெளிப்புறம் வியர்க்கும். பேசிக்கொண்டே நிதானமாகச் சாப்பிட்டாலும் இழை ஊதிக் கூழாவதில்லை. சில கடைகளில் பரிமாறுபவர் கையில் கத்தரிக்கோலோடு வந்து, 'வெட்டித் தரட்டுமா' என்று கேட்பார். அவ்வளவு உறுதி.

சரி, குளிர் எதையும் இறுக்கும், அதனால்தான் என்று சொல்லிவிடலாமா? அப்படியானால் இன்னொரு கேள்வி வருகிறது. ஃப்ரிட்ஜில் ஒருநாள் வைத்த சோறும் குளிரில் இறுகத்தான் செய்கிறது. அது ஏன் விறைத்து, நறநறவென்று, வாய்க்குப் பிடிக்காமல் போகிறது? ஒரே மாவுச்சத்து, ஒரே குளிர். ஓரிடத்தில் கெடுதல், ஓரிடத்தில் ருசி.

இந்த அத்தியாயம் அந்த ஒரு கிண்ணத்தைப் பற்றியது. குளிர்ச்சி என்பது அங்கே பரிமாறும் விதம் மட்டுமல்ல, சமையலின் கடைசிப் படியே அதுதான் என்பது என் கட்சி.

குளிர்காலத்துக் குளிர் உணவு

பெயர் நெங்மியொன். 'நெங்' என்றால் குளிர், 'மியொன்' என்றால் நூடுல்ஸ். இன்று சியோல் நகரில் கோடை வெயிலுக்கு வரிசையில் நின்று சாப்பிடும் பண்டம் இது. ஆனால் பிறப்பால் இது குளிர்கால உணவு, அதுவும் கொரியத் தீபகற்பத்தின் வடபகுதிக்குச் சொந்தமானது. 1849-இல் ஹொங் சொக்மோ தொகுத்த 'தொங்குக் செசிகி' என்ற நூல், எந்த மாதத்தில் என்ன விழா, என்ன உணவு என்று வரிசைப்படுத்துகிறது. அதில் நெங்மியொன் இருப்பது சந்திர நாட்காட்டியின் 11-ஆம் மாதத்தில், நடுக் குளிரில்.

வெளியே பனி கொட்டும்போது பனிச்சாறு குடிப்பது விநோதமாகத் தோன்றலாம். காரணங்கள் நடைமுறையானவை. இந்த நூடுல்ஸுக்கு மாவு தரும் பக்வீட்டின் அறுவடை இலையுதிர் காலத்தில் முடியும். சாற்றில் சேரும் முள்ளங்கி ஊறுநீர் ஜாடிக்குள் பதமாக வருவதும் குளிர்காலத்தில்தான். பனிக்கட்டி வாசலிலேயே கிடைக்கும். வீட்டுக்குள் தரைக்கு அடியில் அடுப்புச் சூட்டை ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கும் 'ஒந்தொல்' தரை இருந்தது. கீழே சுடும் தரை, கையில் உறையும் கிண்ணம். பனிக்கட்டி ஆலைகள் இருபதாம் நூற்றாண்டில் வந்த பிறகே இது கோடைக்கு மாறியது.

பொங்கிப் போகும் மணிகள்

மாவை நுண்ணோக்கியில் பார்த்தால் பொடி தெரியாது, மணிகள் தெரியும். செடி தனக்காகச் சேமித்த மாவுச்சத்து, நுண்ணிய மணிகளாக இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. பச்சைத் தண்ணீரில் போட்டால் அந்த மணிகள் அசையாது. தண்ணீரை 60, 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்குங்கள். மணியின் கட்டு தளரும், தண்ணீர் உள்ளே நுழையும், மணி பலமடங்கு ஊதும். கஞ்சி காய்ச்சும்போது ஒரு கட்டத்தில் திடீரென்று கெட்டிப்படுகிறதே, அந்தக் கணம்தான் இது. இதைக் 'கூழாதல்' என்று இங்கே அழைப்போம்.

மணிக்குள் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. ஒன்று நீளமான, ஏறத்தாழ நேரான நூல், பெயர் அமைலோஸ். மற்றொன்று கிளைவிட்டுப் புதராகப் பரந்தது; பெயர் அமைலோபெக்டின். நூல் ஒன்று, புதர் ஒன்று என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மீதிக் கதை முழுவதும் இந்த இரண்டுக்கும் குளிரில் என்ன ஆகிறது என்பதுதான்.

சூடான சூப்பில் கிடக்கும் நூடுல்ஸ் ஏன் கூழாகிறது என்பதற்கு இப்போதே விடை வந்துவிட்டது. அடுப்பிலிருந்து இறக்கினாலும் சாறு 70 டிகிரிக்கு மேல் இருக்கிறவரை சமையல் நிற்பதில்லை. தண்ணீர் வெளியிலிருந்து நடுத்தண்டை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. மணிகள் ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் ஃபோனில் பேசியபோது அது வெந்துகொண்டிருந்தது.

ஒட்டாத மாவு

கோதுமை மாவை இழுத்தால் நீள்வது அதிலுள்ள குளூட்டன் என்ற புரத வலையால். பியாங்யாங் நகர வகை நெங்மியொனின் உயிரான பக்வீட்டில் அது இல்லை. பக்வீட்டைக் கொரியர்கள் 'மெமில்' என்பார்கள். வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குப் பயன்படும் குட்டு மாவு இதுதான். கோதுமை, நெல் போலப் புல்லினம் அல்ல. முக்கோணமாக இருக்கும் விதையைத் தருகிற ஒரு செடி. குளிர்ந்த மலைப்பாங்கான மண்ணிலும் இரண்டு மூன்று மாதத்தில் விளைந்துவிடும். வடகொரியாவின் மலைநிலம் அதை நம்பியதில் வியப்பில்லை.

ஆனால் இழுத்தால் அறுகிற மாவை எப்படி நூலாக்குவது? நம் வீட்டு இடியாப்ப உரலைப் பார்த்தவர்களுக்கு விடை உடனே தெரியும்: இழுக்காதே, பிழி. கொரியர்களின் மரப் பிழிகருவிக்குக் 'குக்சுத்துல்' என்று பெயர். துளையிட்ட தட்டுள்ள உருளைக்குள் மாவை வைத்து, மேலே நீண்ட மரத்தண்டால் அழுத்துவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொரிய மக்களின் தொழில்களை வரைந்த கிம் ஜுன்கன் இந்தக் காட்சியையும் வரைந்திருக்கிறார். கீழே கொதிக்கும் கொப்பரை. அதன் மேல் பிழிகருவி. ஏணியில் ஏறிய ஒருவர் உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தண்டை அழுத்துகிறார். அவ்வளவு வலு வேண்டியிருந்தது.

அந்தப் படத்தில் என்னை நிறுத்திய விஷயம் கருவிக்கும் கொப்பரைக்கும் இடையே உள்ள தூரம். தூரமே இல்லை. இழை துளையிலிருந்து வெளிவந்து நேராகக் கொதிநீரில் விழுகிறது. கையால் எடுத்துப் போட்டால் அறுந்துவிடும் இழை, விழுந்த நொடியில் வெளித்தோல் கூழாகி, அந்தக் கூழே உறையாக அதைப் பிடித்துக்கொள்கிறது. புரத வலை செய்யாத வேலையை வெந்த மாவுச்சத்து செய்கிறது. மாவில் கொஞ்சம் உருளைக்கிழங்கு ஸ்டார்ச் அல்லது கோதுமை சேர்ப்பது பிடிமானத்தைக் கூட்டுவதற்காக.

கை சிவக்கும் கழுவல்

மெல்லிய இழை வேக ஒரு நிமிடம் போலப் போதும். உடனே எடுத்துக் குளிர்ந்த நீரில் கொட்டுகிறார்கள். அதோடு விடுவதில்லை. துணி துவைப்பதுபோல உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்க்கிறார்கள். முதல் தண்ணீர் வெண்மையாகக் கலங்கும், கொட்டிவிட்டு அடுத்தது, அதையும் கொட்டிவிட்டு அடுத்தது. கடைசித் தண்ணீரில் பனிக்கட்டி மிதக்கும். சமைப்பவரின் விரல்கள் சிவந்து மரத்துப்போகும்வரை இது நடக்கும். பிறகு நீரைப் பிழிந்து, ஒரு கைப்பிடியைச் சுழற்றிக் கொண்டையாகச் சுருட்டி வைப்பார்கள். இந்தச் சுருளுக்குச் 'சாரி' என்று பெயர்.

தேய்ப்பதில் இரண்டு பலன். வெளியே வழிந்த கஞ்சி போய்விடுவதால் இழைகள் ஒட்டிக்கொள்வதில்லை, சாறும் கலங்குவதில்லை. இரண்டாவது பலன்தான் பெரிது. இழை குளிர்ந்ததும், உள்ளே தளர்ந்து அலைந்துகொண்டிருந்த அமைலோஸ் நூல்கள் ஒன்றோடொன்று பக்கவாட்டில் சேர்ந்து வலையாகக் கட்டிக்கொள்கின்றன. இதை 'மீளிறுகல்' எனலாம்: கொதியில் அவிழ்ந்தது குளிரில் மீண்டும் இறுகுகிறது. பல்லால் கடித்தால் மெல்லத் திருப்பித் தள்ளும் அந்த இழுவைக்குக் கொரிய மொழியில் 'ஜொல்கிட்' என்ற அழகான சொல் இருக்கிறது. அது பிறப்பது அடுப்பில் அல்ல, இந்தக் குளிர்நீர்த் தொட்டியில்.

இப்போது சோற்றுக் கேள்விக்கு வருவோம். அமைலோஸ் நூல்கள் சேர்வதற்குச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் போதும். அமைலோபெக்டின் புதர்களுக்கு அவசரம் இல்லை. அவற்றின் கிளைகள் ஒழுங்காகப் படிந்து நுண்படிகங்களாக மாற ஒருநாள், இரண்டுநாள் ஆகும். அதற்கு மிகவும் தோதான வெப்பநிலை நம் ஃப்ரிட்ஜின் வெப்பநிலை, சுமார் 4 டிகிரி. நேற்றைய சோற்றில் நறநறப்பது அந்தப் படிகங்கள். அவை 60 டிகிரி வாக்கில் உருகிவிடும் என்பதால்தான் சோற்றைச் சூடாக்கினால் மறுபடி மிருதுவாகிறது.

ஆக, வித்தியாசம் குளிரில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. நூல்கள் இறுகி முடித்து, புதர்கள் இன்னும் இறுகத் தொடங்காத இடைவெளி ஒன்று உண்டு. நெங்மியொன் அந்த இடைவெளியில் சாப்பிடப்படுகிறது. நேற்றைய சோறு அதைத் தாண்டிவிட்டது.

ஒரு கிண்ணத்தின் கணக்கு

குளிர்நீரில் கழுவாமல், வெந்த இழையை நேராகப் பனிச்சாற்றில் போட்டால் என்ன? பனி குளிரவைத்துவிடாதா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கூட்டலும் பெருக்கலும் போதும்.

கிண்ணத்தில் 400 கிராம் சாறு. அதில் கால்பங்கு, 100 கிராம், பனித்துகளாக உறைந்திருக்கிறது. சாற்றில் 4 கிராம் உப்பு. வெந்த நூடுல்ஸ் 200 கிராம், சூடு 95 டிகிரி.

1 கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1 கலோரி வெப்பம் வேண்டும். (உணவுப் பொட்டலங்களில் அச்சிடும் கலோரி இதைப்போல ஆயிரம் மடங்கு.) நூடுல்ஸில் நீரும் மாவும் கலந்திருப்பதால் அதற்கு 0.8 கலோரி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 1 கிராம் பனிக்கட்டி கரைந்து அதே 0 டிகிரி நீராக மாறுவதற்கு மட்டும் 80 கலோரி தேவை. வெப்பமானி ஒரு கோடுகூட ஏறாமலேயே அத்தனை வெப்பத்தையும் விழுங்கிக்கொள்ளும். பள்ளிப் புத்தகங்கள் இதற்கு 'உள்ளுறை வெப்பம்' என்று சரியாகவே பெயர் வைத்திருக்கின்றன.

கழுவாத நூடுல்ஸை 0 டிகிரிக்குக் கொண்டுவர, 200 கிராமுக்கும் 95 டிகிரிக்கும் சேர்த்து 15,200 கலோரியை அகற்ற வேண்டும். கிண்ணத்தில் உள்ள 100 கிராம் பனி விழுங்கக்கூடியது 8,000 மட்டுமே. மீதி 7,200 கலோரி கிண்ணம் முழுவதையும் சூடேற்றும். முடிவு: பனி ஒரு துகள்கூட மிச்சமில்லை, சாறு 13 டிகிரி வாக்கில் நிற்கிறது. கலங்கிய, கஞ்சி கலந்த, அரைக்குளிர் சூப்.

இப்போது 20 டிகிரியில் இருக்கும் சாதாரண நீரில் கழுவிவிட்டுப் போடுங்கள். அகற்ற வேண்டியது வெறும் 3,200 கலோரி. 40 கிராம் பனி கரையும். 60 கிராம் மிஞ்சும். கடைசி அலசலைப் பனிநீரில் செய்து இழையை 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 800 கலோரி. 10 கிராம் பனியே செலவாகும். அதாவது மொத்த வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைச் சும்மா கிடைக்கும் தண்ணீர் சுமந்துபோய்விடுகிறது. அருமையான பனி, சாப்பிடுகிறவருக்காக மிஞ்சுகிறது. ஆலைப் பனிக்கட்டி இல்லாத காலத்துச் சமையலறையில் இந்தச் சிக்கனத்தின் மதிப்பை நினைத்துப் பார்க்கலாம்.

உப்பின் கணக்கு இன்னும் நுட்பமானது. தண்ணீர் உறையும்போது உப்பைத் தன் படிகத்துக்குள் சேர்த்துக்கொள்வதில்லை; வெளியே தள்ளிவிடும். நம் கிண்ணத்தில் 400 கிராம் சாற்றுக்கு 4 கிராம் உப்பு, நூற்றுக்கு ஒன்று. கால்பங்கு உறைந்ததும் அதே 4 கிராம் மிஞ்சிய 300 கிராமுக்குள் அடைபடுகிறது, நூற்றுக்கு 1.3. உப்பு கூடக் கூட உறைநிலை கீழே இறங்குவதால் இந்தச் சாறு 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ மைனஸ் 0.8 டிகிரியில் பனியும் நீருமாகச் சேர்ந்திருக்கும். பாறையாக உறையாமல் பஞ்சுபோல் நொறுங்கும் அந்தப் பதத்துக்குக் காரணம் இதுதான்.

இதன் விளைவைக் கவனியுங்கள். முதல் மிடறு மிகக் குளிர்ந்தது. அதுவே மிகச் செறிந்தது. நாக்கு மரத்திருக்கும் நேரத்தில் சாறு தன் வலுவைக் கூட்டிக்கொள்கிறது. பனி கரையக் கரைய நாக்கு தெளிகிறது. சாறும் தன் இயல்பான செறிவுக்குத் திரும்புகிறது. சாற்றையே உறையவைத்தால் மட்டும் இது நடக்கும். வெறும் ஐஸ் கட்டிகளைப் போட்டால் கரையக் கரைய நீர்த்துப் போவதுதான் மிச்சம்.

குளிர்ந்த நாக்கு

உருகிய ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாங்க முடியாத தித்திப்பு. உறைந்திருந்தபோதும் அதே சர்க்கரைதான் இருந்தது. 2005-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கான காரணத்தை நாவின் சுவை செல்களில் காட்டினார்கள். இனிப்பு, கசப்பு, இறைச்சிச் சுவை ஆகியவற்றை மூளைக்கு அனுப்பும் பாதையில் ஒரு வாயில் உண்டு. 15 டிகிரியில் அது ஏறக்குறைய மூடிக்கிடக்கும். 35 டிகிரியை நோக்கி ஏற ஏற நன்றாகத் திறக்கும். உப்பும் புளிப்பும் வேறு வாசல் வழியாகப் போகின்றன.

பனிச்சாறு சமைப்பவர் தோற்றுப் போகக்கூடிய இடம் இது. அவர் ஆறப்போட்ட மாட்டிறைச்சிச் சாற்றை ஊற்றினால் இறைச்சிச் சுவை பாதி மறைந்துவிடும். அதோடு, மாட்டுக் கொழுப்பு உருக 40 டிகிரிக்கு மேல் வேண்டும். குளிரில் அது மேல் அண்ணத்தில் மெழுகாகப் படியும். எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு எடுக்கும் சொல்லொங்தாங் என்ற சாறு கொரியாவில் பேர்போனது. சூடாகக் குடிக்க அது அமிர்தம். அதைக் குளிரவைத்தால் எலும்பிலிருந்து வந்த ஜெலட்டின் உறைந்து கிண்ணமே ஜெல்லியாகிவிடும். அதனால்தான் நெங்மியொனுக்கு நெஞ்சுப்பகுதி போன்ற சதைப்பற்றுள்ள துண்டுகள், பழைய நாளில் காட்டுக்கோழி வகையான ஃபெசன்ட். ஆறவைத்து, மேலே தட்டாக உறையும் கொழுப்பை முழுவதும் எடுத்து, கண்ணாடிபோல் தெளிந்த பிறகே பயன்படுத்துகிறார்கள்.

மூடிய வாயிலைத் தட்டுவதை விட்டுத் திறந்திருக்கும் வாசலால் போவது அடுத்த உத்தி. புளிப்புக்குத் தொங்சிமி வருகிறது. அது முள்ளங்கியை உப்புநீரில் ஊறவைத்த குளிர்கால ஊறுநீர். குளிரிலும் வேலை செய்யும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதில் புளிப்போடு கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. 20 டிகிரி நீரைவிட 0 டிகிரி நீர் இரண்டு மடங்கு கரியமில வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். மண்ணில் புதைத்த ஜாடிக்குள் இருந்து மொண்ட தொங்சிமி நீர் சுர்ரென்று நாக்கைக் கிள்ளுவது அதனால்தான். சோடா கண்டுபிடிக்காத காலத்துச் சோடா அது. மேசையில் வைக்கும் வினிகரும் கடுகு விழுதும் இதே வேலைக்கு. கடுகின் நெடி சுவை மொட்டுகளை நம்பி இல்லை. மூக்குக்குள் ஏறி வலி நரம்புகளை நேரடியாக எழுப்புகிறது. சூடான சாற்றில் அந்த நெடி ஆவியோடு பறந்துவிடும். குளிர்ந்த சாற்றில் தங்கி, வாய்க்குள் வந்தபின் எழும்.

இவ்வளவு செய்தும் பியாங்யாங் நெங்மியொன் அடங்கிய சுவைதான். முதல்முறை சாப்பிடுகிறவர்கள் சப்பென்று இருக்கிறது என்பார்கள். மூன்றாம் நான்காம் முறை அந்த அடக்கத்துக்குள் பக்வீட்டின் மண்மணம் தட்டுப்படும், அப்புறம் விடமாட்டார்கள். இதை ஒரு குறையாக யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தெற்கே வந்த இழைகள்

கிழக்குக் கரையிலுள்ள ஹம்ஹுங் நகரின் வகை வேறு. அங்கே இழை உருளைக்கிழங்கு மாவுச்சத்தால் ஆனது. ஸ்டார்ச் நூடுல்ஸ் என்றே பொருள்படும்படி 'நொங்மா குக்சு' என்று பெயர். கொதிநீர் விட்டுப் பிசைவதால் மாவின் ஒரு பகுதி முன்பே கூழாகிப் பசையாக நிற்கும். தவிடோ புரதமோ குறுக்கே வராத அந்த வலை நூல்போல் மெலிந்தும் அறுக்க முடியாமலும் இருக்கும். பரிமாறுபவர் கையில் கத்தரிக்கோல் வருவது இந்த இழைக்காகத்தான். பியாங்யாங் வகையின் ரசிகர்கள் பக்வீட் இழையில் உலோகம் படுவதையே விரும்புவதில்லை.

1950-53 கொரியப் போரில் வடக்கிலிருந்து தப்பி வந்தவர்கள் இரண்டு வகையையும் தெற்கே கொண்டுவந்தார்கள். வடகிழக்கு மாகாணத்து அகதிகள் சொக்சோ கடற்கரையில் குடியேறிய இடம் இன்றும் அபாய் கிராமம் என்று அழைக்கப்படுகிறது. தெற்கில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சின் இடத்தைச் சர்க்கரைவள்ளி ஸ்டார்ச் பிடித்தது. இழை இன்னும் இழுவையானது. புசான் துறைமுகத்தில் பக்வீட் கிடைக்கவில்லை. உதவிப் பொருளாக வந்த கோதுமை மாவில் செய்து, 'மில்மியொன்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். மாவு மாறினாலும் பனிச்சாறு மாறவில்லை. ஊருக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு அந்தக் குளிர்ச்சிதான் ஊர்.

வடக்கே தெதொங் ஆற்றங்கரையிலுள்ள ஒக்ரியுக்வான் உணவகம் பியாங்யாங் நெங்மியொனுக்குப் பேர்போனது. 2022-இல் இந்த உணவு மரபை யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2018 ஏப்ரல் 27 அன்று, இரு கொரியத் தலைவர்களும் பன்முன்ஜொம் எல்லையில் சந்தித்தார்கள். இரவு விருந்துக்கு நெங்மியொன் கொண்டுவந்திருப்பதாக வடகொரியத் தலைவர் காலையில் சொன்ன செய்தி பரவி, அன்று மதியமே சியோலின் நெங்மியொன் கடைகளில் வரிசை நீண்டது.

விருந்து நடந்தது எல்லைக்குத் தெற்கே அமைதி இல்லத்தில். பியாங்யாங்கில் பிழிந்து வண்டியில் அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. ஒக்ரியுக்வானிலிருந்து பிழியும் இயந்திரமே எல்லைக்கு வந்தது. கோட்டுக்கு வடக்கே உள்ள தொங்கில்காக் கட்டடத்தில் அதை நிறுவி, அங்கேயே பிழிந்து, வேகவைத்து, தெற்கே கொண்டுபோனார்கள். ஏழு ஆண்டு பத்து ஆண்டு என்று பேச்சுவார்த்தை காத்திருக்கலாம். அமைலோஸ் நூல்கள் இறுகிய பிறகு இந்த இழை காத்திருக்காது என்பது அந்தச் சமையல்காரர்களுக்குத் தெரியும்.